டேப் மாறினாலும் பட்டியல் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும்: ஃப்ளட்டரில் செய்து பார்த்தது

நூல்களைக் குறித்து வைப்பதற்கென்று ஓய்வு நேரங்களில் ஃப்ளட்டரில் (செயலிகள் எழுதுவதற்கான கூகுளின் கருவித்தொகுப்பு) ஒரு சிறு செயலியை எழுதி வருகிறேன். அதன் முதன்மைத் திரையில் ‘படிப்பவை’, ‘படித்தவை’, ‘படிக்க வேண்டியவை’ என மூன்று டேப்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக ஸ்க்ரோல் ஆகும் ஒரு பட்டியல் இருக்கிறது. ‘படித்தவை’ பட்டியலில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட வரிசைகள் சேர்ந்துவிட்டன. திரையின் அமைப்பு எளிமையானதுதான். ஆனால், ஒரு பட்டியலில் பாதி தூரம் போய்விட்டு, அடுத்த டேப்பை எட்டிப் பார்த்துத் திரும்பினால் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு தேவைதான் இந்தத் திரையின் பெரும்பகுதி வேலையை வாங்கிக்கொண்டது. ஆகவே அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

டேப் பட்டையை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கீழே இருக்கும் பட்டை, செயலியின் தனித்தனிப் பகுதிகளுக்கு இடையே தாவுவதற்கானது. மேலே இருக்கும் டேப்கள் ஒரே பகுதிக்குள் அடங்கும் ஒத்த வகைப் பட்டியல்களுக்கானவை. கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. என்னுடைய மூன்றும் ஒரே நூலகத்தின் மூன்று நிலைகள் என்பதால் அவற்றை மேலே வைத்தேன். நூலகம், தேடல், அமைப்புகள் ஆகிய மூன்றும் கீழ்ப்பட்டைக்குப் போயின.

முதல் வடிவத்தில் டேப் பட்டைக்கு டேப்பார், அதன் கீழே பக்கங்களைக் காட்ட டேப்பார்வியூ, ஒவ்வொரு பக்கத்திலும் பட்டியலுக்கு ஒரு லிஸ்ட்வியூ பில்டர் என ஃப்ளட்டரின் வழக்கமான அமைப்பையே பயன்படுத்தினேன். அது ஓடியது, ஆனால் டேப் மாறித் திரும்பும் ஒவ்வொரு முறையும் பட்டியல் உச்சிக்குப் போய் நின்றது. காரணம், டேப்பார்வியூவின் உள்ளே இருப்பது, பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டும் ஒரு பேஜ்வியூ. திரையை விட்டு முழுமையாக வெளியேறிய பக்கத்தை அது கலைத்துவிடுகிறது. திரும்பி வரும்போது பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது. புதிதாகக் கட்டப்பட்ட பட்டியலின் ஸ்க்ரோல் நிலை சுழியத்திலிருந்து தொடங்குவது இயல்பே.

இதற்கு ஃப்ளட்டரிலேயே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பக்கத்தின் நிலையை வைத்திருக்கும் ஸ்டேட் வகுப்போடு ஆட்டோமேட்டிக்கீப்அலைவ்கிளையன்ட் மிக்சினை (வகுப்போடு சேர்க்கும் ஆயத்த நிரல்துண்டு) சேர்த்து, வான்ட்கீப்அலைவ் என்பதற்கு ட்ரூ என்று விடை தருவது. பக்கத்தைக் கட்டும் பில்டு முறைக்குள் சூப்பர் பில்டை, அதாவது மிக்சினின் பில்டை, அழைக்க வேண்டும் என்பது மட்டுமே இதிலுள்ள நிபந்தனை. இப்போது பக்கம் கலைக்கப்படாமல் நினைவகத்திலேயே இருக்கும். மற்றது, பட்டியலுக்கு ஒரு பேஜ்ஸ்டோரேஜ்கீ, அதாவது நிலையைச் சேமிப்பதற்கான ஓர் அடையாளம், கொடுப்பது. இதில் பக்கம் கலைந்தே போகும். ஆனால் ஒவ்வொரு முறை ஸ்க்ரோல் முடியும்போதும் அந்த நிலையைக் குறிக்கும் எண் தனியே சேமிக்கப்பட்டு, பட்டியல் மறுபடி உருவாகும்போது அங்கிருந்தே தொடங்கும்.

இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது. பக்கத்தில் பாதி நிரப்பிய படிவமோ ஓடிக்கொண்டிருக்கும் காணொளியோ இருந்தால் முதல் வழி தேவைப்படும். வெறும் பட்டியலுக்கு ஓர் எண்ணே போதும். ஆனால் இந்த வழியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தரவுத்தளத்திலிருந்து நூல்கள் வந்து சேர்வதற்கு முன்பே வெறும் பட்டியலைக் கட்டிவிட்டால், சேமித்த எண்ணுக்கு ஏற்ற நீளம் அதற்கு இருப்பதில்லை. நிலை சுழியத்துக்கு இழுக்கப்பட்டுவிடுகிறது. எனவே தரவு கைக்கு வந்த பிறகே லிஸ்ட்வியூவை உருவாக்குகிறேன். அதுவரை அந்த இடத்தில் ஒரு சுழலும் குறி மட்டும் தெரியும்.

வரிசைகளின் உயரமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. உயரம் வரிசைக்கு வரிசை வேறுபட்டால், ஆழத்தில் உள்ள ஒரு நிலைக்குப் போக, அதற்கு மேலே உள்ள வரிசைகளையெல்லாம் ஃப்ளட்டர் ஒவ்வொன்றாகக் கட்டி அளந்தாக வேண்டும். ஐட்டம்எக்ஸ்டென்ட் என்று உயரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரு வகுத்தலிலேயே இடம் தெரிந்துவிடும். நான் ஒவ்வொரு வரிசைக்கும் 88 பிக்சல் என்று வைத்தேன். அதன் பிறகு பட்டியலின் அடிவாரத்தில் விட்டுச் சென்ற டேப்புக்குத் திரும்பும்போது முன்பு உணர முடிந்த அந்தச் சிறு திணறல் இல்லை.

இத்துடன் முடிந்தது என்று நினைத்திருக்கலாம். ஆனால் சேமிக்கப்படுவது நூல் அன்று, உச்சியிலிருந்து எத்தனை பிக்சல் என்ற தூரம் மட்டுமே என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் உறைத்தது. ‘படித்தவை’ பட்டியலில் புதியது மேலே வரும். ‘படிப்பவை’ டேப்பில் ஒரு நூலை முடித்ததாகக் குறித்துவிட்டு ‘படித்தவை’ டேப்புக்குத் திரும்பினால், தூரம் மாறாமல் இருக்கும், பட்டியல் மட்டும் ஒரு வரிசை கீழே இறங்கியிருக்கும். சற்றுமுன் பார்த்துக்கொண்டிருந்த நூல் அந்த இடத்தில் இருக்காது. புத்தகத்தில் நாம் வைத்த அடையாள அட்டையை யாரோ ஒரு தாள் முன்னால் நகர்த்தி வைத்தது போன்ற எரிச்சல் அது.

ஆகவே பேஜ்ஸ்டோரேஜ்கீயை விட்டுவிட்டு, நிலையை நானே குறித்து வைக்கத் தொடங்கினேன். கணக்கு எளிது. பட்டியல் 1900 பிக்சல் தூரம் நகர்ந்திருக்கிறது என்று கொள்வோம். 1900-ஐ 88-ஆல் வகுத்தால் ஈவு 21, மீதி 52. அதாவது 21 வரிசைகள் முழுமையாக மேலே போய்விட்டன. 22ஆவது வரிசையில் 52 பிக்சல் மறைந்திருக்கிறது. நான் சேமிப்பது அந்த 22ஆவது வரிசையில் உள்ள நூலின் அடையாள எண்ணையும், அது நிற்கும் இடத்தின் எண்ணையும், 52-க்கு 88 என்ற விகிதத்தையும்தான். திரும்பி வரும்போது அந்த நூல் இப்போது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடுகிறேன். மேலே ஒன்று சேர்ந்திருந்தால் அது 23ஆவது இடத்தில் இருக்கும். 22 முறை 88 என்பது 1936, அதோடு 52 சேர்த்தால் 1988. இந்த எண்ணை, பட்டியலின் ஸ்க்ரோல் நிலையைக் கையாளும் ஸ்க்ரோல்கன்ட்ரோலரின் தொடக்க நிலையாகக் கொடுக்கிறேன். நிலையைத் தானாகச் சேமிக்கும் கீப்ஸ்க்ரோல்ஆஃப்செட் என்பதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பழைய சேமிப்பு இருக்கும் இடங்களில் அதுவே முந்திக்கொள்ளும். குறித்த நூலே நீக்கப்பட்டிருந்தால், அதற்கு முன்பு எத்தனையாவது இடத்தில் இருந்ததோ அந்த இடத்துக்கே போகிறேன்.

மீதியைப் பிக்சலாகச் சேமிக்காமல் விகிதமாகச் சேமிப்பதற்குக் காரணம் எழுத்தளவு. தொலைபேசியின் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்பவர்களுக்கு 88-க்குள் இரண்டு வரித் தலைப்பு அடங்காது. எனவே வரிசையின் உயரத்தையும் எழுத்தளவுக்கு ஏற்பக் கணக்கிட்டுக்கொள்கிறேன். விகிதமாக இருப்பதால் உயரம் மாறினாலும் இடம் பிறழ்வதில்லை. இந்த மூன்று மதிப்புகளும் தொலைபேசியிலேயே இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் உட்கார்ந்திருப்பதால், செயலியை மூடித் திறந்தாலும் மூன்று டேப்களும் விட்ட இடத்திலேயே திறக்கின்றன. இது திட்டமிட்டதல்ல, உபரியாகக் கிடைத்த நன்மை.

மேலே உள்ள தலைப்புப் பகுதி ஸ்க்ரோலுக்கு ஏற்றபடி சுருங்கி, டேப் பட்டை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் அமைப்பையும் நெஸ்டெட்ஸ்க்ரோல்வியூ கொண்டு முயன்றேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஆனால் அதில் வெளிப்புற ஸ்க்ரோல் ஒன்று, உட்புற ஸ்க்ரோல் ஒன்று என இரண்டு இருக்கின்றன. உட்புறப் பட்டியல்கள் அது தரும் கன்ட்ரோலரையே பயன்படுத்த வேண்டும். எனக்கோ ஒவ்வொரு பட்டியலுக்கும் என்னுடைய சொந்தக் கன்ட்ரோலர் வேண்டும். போதாததற்கு, பட்டை மறைக்கும் உயரத்தைக் கணக்கில் கொள்ளும் ஸ்லிவர்ஓவர்லேப்அப்சார்பரையும் அதற்கு இணையான இன்ஜெக்டரையும் சரியாக வைக்காவிட்டால் முதல் வரிசை பட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. ஒரு தலைப்பு சுருங்குவதற்காக இத்தனையையும் சுமப்பது தகாது என்று தோன்றியதால், தலைப்பை உயரம் குறைந்த நிலையான பட்டையாக மாற்றிவிட்டேன்.

அடுத்து விரல் அசைவுகள். வரிசையை இடப்பக்கம் தள்ளினால் நூல் நீங்கும்படி டிஸ்மிஸிபிள் விட்ஜெட்டை (ஃப்ளட்டரில் திரையின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு விட்ஜெட்) வைத்திருந்தேன். டேப்பார்வியூவும் பக்கவாட்டு அசைவுக்காகவே காத்திருக்கிறது. விரல், திரையின் அடர்த்தியைச் சாராத அளவான லாஜிக்கல் பிக்சலில் 18-ஐத் தாண்டியதும் அது எந்தத் திசை அசைவு என்பது முடிவாகிறது. மேல்கீழ் அசைவைப் பட்டியலும் பக்கவாட்டு அசைவை மற்றவையும் எடுத்துக்கொள்கின்றன. ஒரே திசைக்கு இரண்டு விட்ஜெட்டுகள் போட்டியிட்டால் உள்ளே இருப்பதே வெல்லும். ஆகவே வரிசையின் மீது விரல் வைத்து டேப்பை மாற்றவே முடியவில்லை. நீக்கும் திசையை இடப்பக்கத்துக்கு மட்டும் வரம்பிட்ட பிறகும், வலப்பக்க அசைவும் டிஸ்மிஸிபிளிடமே போய்ச் சேர்ந்து வீணாயிற்று. நூலை நீக்குவது அரிதாகச் செய்யும் செயல், டேப் மாற்றுவது நொடிக்கொரு தரம் செய்யும் செயல் என்பதால் டிஸ்மிஸிபிளை எடுத்துவிட்டேன். நீக்குவது இப்போது வரிசையை அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவில் இருக்கிறது.

நிற்கும் டேப்பையே மறுபடி தட்டினால் பட்டியல் உச்சிக்குப் போக வேண்டும் என்பது ஐபோன் பயனர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்ட ஒன்று. இதை எழுதும்போது, டேப்பைத் தட்டியதும் ஓடும் டேப்பாரின் ஆன்டேப் அழைப்புக்குள் ‘தட்டிய எண்ணும் தற்போதைய எண்ணும் ஒன்றா’ என்று பார்ப்பதில் பயனில்லை. ஆன்டேப் வருவதற்கு முன்பே டேப்களை இயக்கும் டேப்கன்ட்ரோலர் புதிய எண்ணுக்கு மாறிவிடுவதால் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். அந்த டேப்கன்ட்ரோலரின் இன்டெக்ஸ்இஸ்சேஞ்சிங் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது ஃபால்ஸ் என்றால் நின்ற டேப்பையே தட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மூன்று பட்டியல்களுக்கும் மூன்று ஸ்க்ரோல்கன்ட்ரோலர்கள் தேவை. ஒன்றையே பகிர்ந்தால், பக்கத்தைத் தள்ளும் நேரத்தில் இரண்டு பட்டியல்கள் அதில் இணைந்திருக்கும். அப்போது நிலையைக் கேட்டால் பல பட்டியல்களில் இணைந்துள்ளது என்று பிழை வரும்.

முந்நூறாவது வரிசையிலிருந்து உச்சிக்குப் போவது 26,000 பிக்சலுக்கும் அதிகமான பயணம். அதை 300 மில்லி விநாடிக்குள் அசைவூட்டமாகக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு சட்டகத்திலும் (திரை ஒரு முறை வரையப்படுவது) முற்றிலும் புதிய வரிசைகளைக் கட்ட வேண்டியிருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி, 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.3. ஆகவே தொலைவு அதிகமாக இருந்தால் முதலில் 800 பிக்சல் அருகே சத்தமில்லாமல் தாவிவிட்டு, மிச்சத்தை மட்டும் அசைவூட்டமாகக் காட்டுகிறேன். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

அட்டைப் படங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1200-க்கு 1800 பிக்சல் அளவுள்ள ஒரு படம், திரையில் காட்டுவதற்காக நினைவகத்தில் விரிக்கப்படும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 8.6 மெகாபைட் ஆகிறது. ஃப்ளட்டரின் படச் சேமிப்பகத்தின் இயல்பான வரம்பு 100 மெகாபைட். ஒரு டஜன் படங்களிலேயே அது நிரம்பிவிடும். டேப் மாறித் திரும்பும்போது அட்டைகள் வெறுமையாகத் தோன்றிப் பிறகு நிரம்பியதற்கு இதுவே காரணம். கேஷ்வித் என்ற ஒரு மதிப்பைச் சேர்த்து, வரிசைக்குத் தேவையான அகலத்திலேயே படத்தை விரிக்கச் சொன்னதும் சரியாயிற்று. இவற்றையெல்லாம் வேகத்தை அளப்பதற்கென உள்ள புரொஃபைல் முறையில்தான் அளக்க வேண்டும். பிழை தேடுவதற்கான டீபக் முறையில் ஸ்க்ரோல் தேவையற்ற கலக்கத்தையே தரும்.

கீழ்ப்பட்டைக்கு அடியிலும் பட்டியல் தெரிய வேண்டுமென்று திரையின் சட்டமான ஸ்கேஃபோல்டில் எக்ஸ்டெண்ட்பாடி வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: லிஸ்ட்வியூவுக்கு நாமாக பேடிங் (ஓர இடைவெளி) கொடுக்காதவரை, பட்டையின் உயரத்தை அதுவே அடியில் விட்டுக்கொள்ளும், பக்க இடைவெளிக்காக ஒரு பேடிங் எழுதிய மறுநொடி அது நின்றுவிடும், கடைசி நூல் பட்டைக்குப் பின்னே போய்விடும். பக்க இடைவெளியை வரிசைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

‘படித்தவை’ பட்டியலை மாதவாரியாகப் பிரித்து நடுநடுவே தலைப்புகள் இடுவது இப்போது கையில் உள்ள வேலை. தலைப்பின் உயரம் 40, நூலின் உயரம் 88 என்றாகிவிட்டால் ஒரே வகுத்தலில் இடத்தைக் கண்டுபிடிக்க இயலாது. வரிசை எண்ணைக் கொடுத்தால் உயரத்தைத் திருப்பித் தரும் ஐட்டம்எக்ஸ்டென்ட்பில்டர் லிஸ்ட்வியூவில் இருப்பதால் பட்டியலைக் கட்டுவதில் சிக்கல் இல்லை. என் பங்குக்கு, ஒவ்வொரு மாதத் தலைப்பும் எந்தத் தூரத்தில் தொடங்குகிறது என்ற கூட்டுத்தொகைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்து, அவற்றில் இருமத் தேடலால் (பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) மாதத்தைக் கண்டுபிடித்து, மாதத்துக்குள் பழையபடி 88-ஆல் வகுக்கிறேன். நூல்கள் சேரும்போதும் நீங்கும்போதும் அந்தக் கூட்டுத்தொகைகளைப் புதுப்பிக்கும் பகுதி மட்டும் எழுத வேண்டியிருக்கிறது.