செப்புக் கம்பியில் விளைந்த வெள்ளி

பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம் (துத்தநாகம்), இரும்பு என்று மின்னிரசாயனத் தொடரை, அதாவது இலத்திரன்களை எளிதில் இழப்பவை மேலே வரும் உலோக வரிசையை, மூச்சுவிடாமல் ஒப்புவிக்க எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது என்பது விளங்கியதோ, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரி ஆய்வுகூடத்தில் செய்த இடப்பெயர்ச்சித் தாக்கங்களின்போதுதான்; தொடரில் மேலேயுள்ள உலோகம் கீழேயுள்ளதை அதன் கரைசலிலிருந்து வெளியேற்றும் தாக்கங்கள் அவை.

யாழ்ப்பாணத்தின்மீது பொருளாதாரத் தடை இருந்த காலம் அது. ஆய்வுகூடத்து நாகத் துண்டுகள் தீர்ந்திருந்ததால், எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் செத்துப்போன டோர்ச் பற்றரிகளைச் சேகரித்து, கரியையும் பசையையும் அகற்றி, உறையை வெட்டிக் கழுவி, அரத்தாளால் தேய்த்துத் தந்தார். செப்புச் சல்பேற்றும், முந்திரிகைத் தோட்டங்களில் பங்கசு நோய்க்குத் தெளிக்கும் மயில்துத்தம்தான்.

அந்த நீலக் கரைசலில் நாகத் தகட்டை இட்டவுடன் அது கறுத்தது. நுண்ணிய துகளாகப் படியும் செம்பு முதலில் அப்படித்தான் தோன்றும் என்றார் ஆசிரியர். சற்று நேரத்தில் படிவு செங்கபிலமாகத் தடித்தது, நீலம் வெளிறியது, குழாயைப் பிடித்திருந்த விரல்களில் சூடு ஏறியது. நாக அணு ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களைச் செப்பு அயனுக்கு (மின்னேற்றமுள்ள செப்பு அணுவுக்கு) கொடுத்துவிட்டுத் தான் அயனாகிக் கரைசலுக்குள் போகிறது என்ற வாசகம் அந்தச் சூட்டோடுதான் மனதில் பதிந்தது. இரும்பாணியும் செம்பு பூசிக்கொண்டது, ஆனால் ஆறுதலாக.

வகுப்பைக் குழப்பியது அலுமினியம். தொடரில் நாகத்துக்கு மேலே இருக்கும் அது, கரைசலில் எந்த மாற்றமுமின்றிக் கிடந்தது. அட்டவணைதான் பிழை என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டார். சிறிது நேரத்தில் குமிழிகள் எழுந்தன, குழாய் கொதித்தது, அலுமினியம் அரிபட்டுச் செப்புச் சேறாக உதிர்ந்தது. உலோகத்தைப் போர்த்தியிருந்த மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைக் கறியுப்பின் குளோரைட்டு அயன்கள் சிதைத்ததே காரணம். இத்தனை தெளிவான விளக்கத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை.

வெள்ளி நைத்திரேற்று அருமையான பொருளென்பதால் முழு வகுப்புக்கும் ஒரே குழாய். நிறமற்ற கரைசலில் நின்ற செப்புக் கம்பியில் வெள்ளி ஊசிகள் பனிப்பூப்போலக் கிளைவிட, கரைசல் மெல்ல நீலமாகியது. பாடம் முடிந்ததும் ஆசிரியர் அந்த வெள்ளியை ஒரு துகளும் சிந்தாமல் வடித்துக் கழுவி, அடுத்த வகுப்புக்காக நைத்திரிக்கமிலத்தில் மீண்டும் கரைத்து வைத்தார்.