ஆர்சி கார்: ரெசிஸ்டரிலிருந்து சென்சார் வயர் வரை

ஆரம்பகால ஆர்சி கார்களில், அதாவது ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் மாடல் கார்களில், வேகத்தைக் கட்டுப்படுத்தியது ஒரு சர்வோவும் (சொன்ன அளவுக்குத் திரும்பும் சிறு மோட்டார்) ரெசிஸ்டரும் (மின்தடை) தான். பாதி வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் சூடாக வீணாகும், தொடுமுனைகள் கருகும். மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வைத்த இஎஸ்சி (மின்னணு வேகக் கட்டுப்படுத்தி) வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்தபின் அலைவரிசையை மாற்றக் கிரிஸ்டல் மாற்றும் வேலையும் போயிற்று.

ஆனால் உண்மையான பாய்ச்சல் பிரஷ்லெஸ் மோட்டாரும் (உரசும் பிரஷ் இல்லாதது) லைப்போவும் (லித்தியம் பாலிமர் பேட்டரி) தான். சுழலும் பாகத்தின் நிலையை அறியும் சென்சார் உள்ள பிரஷ்லெஸ் மோட்டார் கிளம்பும்போது திக்கித் திணறினால், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன், அதை இஎஸ்சியோடு இணைக்கும் சென்சார் வயரை மாற்றிப் பாருங்கள். ஆறு மெல்லிய கம்பிகளில் ஒன்று கனெக்டர் ஓரமாக, உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம்.

7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி பேக்கிலிருந்து 7.4 வோல்ட் லைப்போவுக்கு மாறுகிறவர்கள் இஎஸ்சியில் கட்-ஆஃப் (வோல்ட் இறங்கியதும் மோட்டாருக்கு மின்சாரத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும் வரம்பு) வையுங்கள், செல்லுக்கு 3.2 வோல்ட். முழுக்க வடியவிட்டால் பேக் உப்பிவிடும். உப்பிய பேக்கை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.