புதிய பூட்லோடர்

"மாமா, இவ்வளவு நாள் வந்த எழுத்து இன்று மட்டும் ஏன் வரவில்லை?"

சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் அக்கா மகள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பாடத்தொடரைப் பார்த்து ரஸ்ட் என்ற நிரல்மொழியில் சொந்தமாக ஒரு கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதிப் பழகுகிறாள். கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரின் பதிப்பை 0.9-லிருந்து 0.11-க்கு மாற்றியிருந்தாள்.

எண்ணில் சின்ன மாற்றம்தான். அடியில் தரையே மாறிவிட்டது.

பழையதில் விஜிஏ என்ற பழைய திரை முறையின் எழுத்துத் திரை கிடைத்தது. 80 பத்தி, 25 வரி. ஒரு கட்டத்துக்கு 2 பைட்: ஒன்றில் எழுத்து, மற்றதில் நிறம். யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க மென்பொருள் வழியில் தொடங்கும் கணினியில் அந்த வசதியை நம்ப முடியாது. புதியது தருவது பிரேம்பஃபர்: திரையின் புள்ளிகளை மட்டும் வைத்திருக்கும் நினைவகப் பகுதி. ஓர் எழுத்து வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக நாமே வரைய வேண்டும்.

பதிப்பை மாற்றுகிற பாடத்தில் இந்தக் காரணத்தையும் இரண்டு வரி எழுதிவிட வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளை வேறு யாரிடம் போய்க் கேட்கும்?

சலித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "அப்படியானால் தமிழிலும் வரையலாமா?" என்றாள்.

தாராளமாக! 'சேலம்' என்றே தொடங்கலாம். அதிலும் ஒரு வேலை இருக்கிறது: நினைவகத்தில் 'ச' முதலில், கொம்பு அடுத்து, திரையில் கொம்புதான் முதலில் வர வேண்டும்.