இடது காது அடைப்பும் முப்பத்து மூன்று கரண்ட்டும்

2022 ஜூலையில், பள்ளி திறந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "தமிழம்மா, இந்தப் பக்கம் திரும்பிக் கேளுங்கம்மா" என்றாள். வகுப்பின் இடப்பக்க வரிசையிலிருந்து வரும் விடைகளை நான் தவறாகவே கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீருக்குள் தலையை முக்கியதுபோல இடது காது அடைத்திருந்தது. சளி என்றார்கள், சைனஸ் என்றார்கள். சொட்டு மருந்தும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளுமாக ஐந்து மாதங்கள் ஓடின. காலையில் காறித் துப்பும்போது சளியோடு நூல்போல இரத்தம் வருவதைச் சொன்னேன். வெயில் சூடு என்று பதில் வந்தது, நானும் நம்பினேன். டிசம்பரில் கழுத்தின் இடப்பக்கம், காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் வலியில்லாத ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி போட்டுச் சோதிக்காமலேயே அதைக் காசநோய்க் கட்டி என்று முடிவுசெய்து, இரண்டு மாதங்கள் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி வளர்ந்துகொண்டே போனது.

நம் ஊரில் கழுத்துக் கட்டி என்றால் காசநோயை நினைப்பதில் தவறில்லை. அதுதான் இங்கே அதிகம். ஆனால் நினைத்ததைச் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் இன்றைக்கும் எனக்கு உண்டு. பெரியவர்களுக்கு ஒரு காது மட்டும் காரணமில்லாமல் அடைத்து, மாதக்கணக்கில் திறக்காமல் இருந்தால், மூக்கின் வழியாகக் குழாய் கேமராவை விட்டுப் பின்புறத்தைப் பார்த்துவிட வேண்டும். ஐந்தே நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தச் சோதனை எனக்கு எட்டு மாதங்கள் கழித்து, 2023 மார்ச்சில், வேலூரில்தான் நடந்தது. மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில், காதிலிருந்து வரும் குழல் திறக்கும் வாய்க்குப் பின்னால் ஒரு சிறு குழி இருக்கிறது. கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத அந்தக் குழியில் முளைத்த சதைதான் என் காதை அடைத்திருந்தது. சதைத்துணுக்கு முடிவு மூக்குத்தொண்டைப் புற்றுநோய் என்று வந்தது. ஸ்கேனில் மண்டையோட்டின் அடி எலும்பையும் அது தொட்டிருந்ததால் மூன்றாம் நிலை என்றார்கள்.

"உங்களுக்கு நாகாலாந்தில் சொந்தக்காரர்கள் யாராவது உண்டா?" என்று கதிர்வீச்சு மருத்துவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. போளூரைத் தாண்டி எங்களுக்குச் சொந்தம் கிடையாது. பிறகு அவரே விளக்கினார். இந்நோய் உலகம் முழுவதும் சமமாகப் பரவிய நோயன்று. 2020இல் உலகில் ஏறத்தாழ 1,33,000 பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது; அவர்களில் பெரும்பகுதியினர் கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தவர்கள். தென் சீனத்தின் குவாங்டாங் மாகாணம், ஹாங்காங், மலேசியாவின் சரவாக் ஆகியவை இதன் தாய்வீடுகள். சரவாக்கின் பிடாயு இன ஆண்களிடையே 1990களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 31.5 பேர் என்ற அளவு பதிவாகியிருக்கிறது. வட ஆப்பிரிக்காவிலும் கிரீன்லாந்தின் பழங்குடிகளான இன்யூட் மக்களிடமும் இது மிகுதி. இந்தியாவின் பெரும்பகுதியில் லட்சத்துக்கு ஒருவர்கூடத் தேறாத நிலையில், நாகாலாந்தில் மட்டும் அது பல மடங்கு உயர்ந்து நிற்கிறது.

நோயின் பின்னணியில் எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் இருக்கிறது. 1964இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வைரஸ், வளர்ந்த மனிதர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலில் சத்தமின்றித் தங்கியிருப்பது. எல்லோரிடமும் இருக்கும் கிருமி சில நிலப்பகுதிகளில் மட்டும் புற்றாக மாறுவதற்குப் பரம்பரைக் கூறும் சிறுவயது உணவும் சேர்ந்து காரணமாகின்றன என்கிறார்கள். குவாங்டாங், ஹாங்காங் பகுதிகளில் வாழும் கான்டனீஸ் குடும்பங்களில் பால் மறக்கடிக்கும் பருவத்திலேயே குழந்தைக்கு உப்பிட்ட மீனை ஊட்டும் வழக்கத்தை ஹாங்காங் மருத்துவர் ஜான் ஹோ பல்லாண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். நாகாலாந்தில் அடுப்புப் புகையில் உலர்த்திய இறைச்சியின் மேல் ஐயம் இருக்கிறது.

இதைக் கேட்டதும் என் அம்மா வீட்டிலிருந்த கருவாடு முழுவதையும் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். சிறுவயதில் நீ ஊட்டியதால்தான் வந்தது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. மருத்துவர் அவரையும் உள்ளே அழைத்து அமரவைத்து, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சீன முறையில் உப்பிட்ட மீனை மட்டுமே உறுதியான காரணி என்று வகைப்படுத்தியிருக்கிறது, மற்ற உப்பு மீன்களுக்கு அப்படிச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். அந்த ஐந்து நிமிடங்களுக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் கத்தி வைப்பது கடினம், ஆனால் இவ்வகைக் கட்டி கதிருக்கு நன்றாகக் கரையும் என்பதால் கதிர்வீச்சு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பதே முதன்மைச் சிகிச்சை. அதற்கு முன் ஒன்பது வாரங்களில் மூன்று சுற்று கீமோ மருந்து ஏற்றினார்கள். ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்த இம்முறை சீனாவில் 480 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு நோய் திரும்பாதவர்களின் விழுக்காட்டை 76.5இலிருந்து 85.3ஆக உயர்த்தியதாக 2019இல் வெளியானது. குவாங்டாங்கில் இத்தனை பேர் இந்நோயோடு போராடியிராவிட்டால், போளூர்க்காரியின் நரம்பில் ஏறிய மருந்து எதுவென்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கதிருக்கு முன்பாகக் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். அடுத்து முகமூடி. வெந்நீரில் தோய்த்த வலைத்தகட்டை நெற்றியிலிருந்து தோள்வரை போர்த்தி அழுத்துகிறார்கள். அது இறுகி நம் முகமாகவே ஆகிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் அதை மேசையோடு பூட்டி, அசையாமல் கிடத்துவார்கள். மொத்தம் 33 நாட்கள். மூன்றாம் வாரத்தில் எல்லா உணவும் துருப்பிடித்த ஆணியை நக்குவதுபோல இருந்தது. வாயெல்லாம் புண்ணாகி, ரசத்தின் ஆவி பட்டாலே எரிந்தது. 61 கிலோவிலிருந்து 50க்கு இறங்கியதும் மூக்குவழியாக உணவுக்குழாய் போட்டார்கள். வேண்டாம் என்று நான் ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தது தவறு. முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் உடம்பு அவ்வளவு உடைந்திருக்காது.

காத்திருக்கும் பெஞ்சில் என் பக்கத்தில் தினமும் அமர்ந்தவன் நாகாலாந்தின் கோஹிமா பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியப்பாவோடு வந்திருந்த, இருபத்திரண்டு வயதுப் பையன். என்னை ஆன்ட்டி என்பான். அவன் சித்தப்பா இந்நோயில்தான் இறந்திருந்தார். அதனால் காது அடைத்து, சளியில் இரத்தம் கண்ட மூன்றாம் வாரத்திலேயே அவனுக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எனக்கு எட்டு மாதங்கள் பிடித்ததை அவன் ஊர் மூன்று வாரத்தில் அறிந்துகொண்டது. ஆனால் மாதக்கணக்கில் வேலூரில் அறை எடுத்துத் தங்கும் பணத்தைத் திரட்டி, மூன்று நாள் ரயிலில் காட்பாடி வந்து சேர்வதற்குள் நான்கு மாதங்கள் கழிந்து, அவனும் என்னைப்போல மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டான். எனக்கு வேலூர் ஒரு பேருந்துத் தொலைவில் இருந்தது, அறிவு தொலைவில் இருந்தது, அவனுக்கு நேர்மாறு.

முதல் நிலையில் பிடிபட்டால் நல்ல சிகிச்சையில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள் என்பதும், நிலை ஏற ஏற அந்த எண்ணிக்கை குறைகிறது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். ஹாங்காங்கில் அறிகுறியே இல்லாத 20,174 ஆண்களின் இரத்தத்தில், புற்றிலிருந்து கசியும் இந்த வைரஸின் டி.என்.ஏ.யைத் தேடி, 34 பேரிடம் புற்றைக் கண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் முதலிரு நிலைகளிலேயே இருந்தார்கள் என்று 2017இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அப்படித் தேடுவதில் பொருளில்லை. நாகாலாந்தின் குடும்பங்களுக்கு அது கிடைத்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சிகிச்சை முடிந்தபின் தாடை இறுகாமலிருக்க ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பதினொரு குச்சிதான் நுழைந்தது. நாளைக்கு ஐந்து முறை, வேளைக்குப் பத்து நிமிடம் என்று விடாமல் செய்து பதினேழுக்கு வந்திருக்கிறேன். பையன் பதினெட்டு என்று படம் அனுப்பியிருந்தான். மூன்று மாதத்துக்கொரு முறை வேலூர் வர அவனால் இயலவில்லை, குவாஹாட்டியில் காட்டிக்கொள்கிறான். இரத்தச் சோதனையில் இதுவரை எங்கள் இருவருக்கும் அந்த வைரஸின் டி.என்.ஏ. தென்படவில்லை.

எச்சில் பாதிதான் ஊறுகிறது. பாடம் நடத்தும்போது தண்ணீர்ப் புட்டி கையிலேயே இருக்கும். இடது காது திரும்பவில்லை. அதனால் மேசையை வகுப்பின் ஓரத்துக்கு நகர்த்தி, இடப்பக்கம் சுவர் வரும்படி போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் எல்லோரும் இப்போது என் வலப்பக்கம்தான் இருக்கிறார்கள்.