தெரிவா, நியமனமா?

அப்போது நான் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சின்னத் தமிழ் வார ஏட்டில் பகுதிநேர மொழிபெயர்ப்பாளன். பகலில் வேறு வேலை. பின்னேரம் வந்து தலைநகர் ஒட்டாவாச் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுக்கவேண்டும். 2008 டிசம்பர் 22 அன்று நத்தார் இதழ் முடிகிற நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஒரே நாளில் 18 பேரைச் செனட்டர்களாக, அதாவது நாடாளுமன்ற மேற்சபை உறுப்பினர்களாக, ஆக்கியிருந்தார்.

18 பெயர்களையும் தமிழில் எழுதுவதே பெரும்பாடு. மைக் டஃபி, பமெலா வாலின் இருவரும் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய பெயர்கள். பிரெஞ்சுப் பெயர்களுக்கு யாரைக் கேட்பது? அந்த அவசரத்தில் தலைப்பை '18 செனட்டர்கள் தெரிவு' என்று போட்டுவிட்டேன்.

ஆசிரியர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இவைக்கு ஆர் வோட்டுப் போட்டது?"

எங்கள் ஊர்த் தமிழில் தேர்தலில் வெல்வதும் தெரிவு, கடையில் சேலை எடுப்பதும் தெரிவு. ஹார்ப்பர் செய்தது இரண்டாவது. 'நியமனம்' என்று மாற்றினேன்.

மக்கள் தேர்ந்தெடுக்காத எவரையும் செனட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லி வந்தவர் அவர். ஆனால் 2006இல் ஆட்சி ஏறிய அதே மாதத்திலேயே, தேர்தலில் நிற்காத மைக்கேல் ஃபோர்ட்டியேயைச் செனட்டராக்கி அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். அந்தச் செய்தியைப் பார்த்ததும் ஆசிரியருக்கு 1965இல் இலங்கையில் செனட் வழியாக உள்ளூராட்சி அமைச்சரான மு. திருச்செல்வத்தின் நினைவு வந்துவிட்டது. சரி, 1971இல் ஒழிக்கப்பட்ட இலங்கைச் செனட்டின் 30 பேரில் 15 பேரையாவது கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. கனடாவில் 105 இடங்களுக்கும் பிரதமர் சொல்ல, மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) நியமிப்பார். 75 வயது வரை இலேசில் அசைக்க முடியாது.

2008இல் ஹார்ப்பருக்கு ஒரு காரணம் இருந்தது. எதிர்க்கட்சிகள் கூட்டணி சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தன. கவிழ்ந்தால் வெற்றிடங்களை அவர்கள் நிரப்பிவிடுவார்கள். அதை நான் முழுதாகத் தள்ளிவிடமாட்டேன். 2011ஐத்தான் செரிக்க முடியவில்லை. மே 2 தேர்தலில் தோற்ற மூவருக்கு மே 18இல் செனட் நியமனம். அதில் லாரி ஸ்மித்தும் ஃபேபியன் மானிங்கும் போட்டியிடுவதற்காகச் செனட்டை விட்டுப் போனவர்கள்! 'தோல்வியடைந்த' என்ற சொல்லும் 'நியமிக்கப்பட்ட' என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்ததால், வாசகர் ஒருவர் தொலைபேசியில் பிழை திருத்தச் சொன்னார். பிழை இல்லை ஐயா என்று விளக்குவதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது.

செனட்டை மாற்றும் ஹார்ப்பரின் முயற்சிக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் கதவை அடைத்தது. செனட்டர்களைத் தேர்தலில் தெரிவு செய்வதற்கோ பதவிக்காலத்தைக் குறைப்பதற்கோ, நாட்டின் பாதி மக்கள்தொகையாவது உள்ள 7 மாகாணங்கள் ஒப்பவேண்டும். செனட்டை ஒழிப்பதற்குப் பத்து மாகாணங்களும். ஹார்ப்பருக்கு இது வசதியான தீர்ப்பு என்றே எனக்குப் பட்டது. கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்ததே.

அந்த 18 பேரும் எட்டாண்டுப் பதவிக்கால வரம்பை ஆதரிப்பதாக உறுதி கொடுத்தவர்கள். அறிவிப்பு வந்து எட்டு ஆண்டு 2016இல் முடிந்தது. செலவுக் கணக்கு வழக்கில் 31 குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையான டஃபி, 75 வயது நிறைந்து 2021இல்தான் விலகினார். அதற்கு முன்பே எங்கள் ஏடு நின்றுவிட்டது. அந்தச் செய்தியைத் தமிழாக்கித் தரும்படி என்னை ஒருவரும் கேட்கவில்லை.