எங்கே நிறுத்தலாம் என்று சொல்லும் விளையாட்டுகள்

ஒரு வீடியோ கேம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் அதன் கிராஃபிக்ஸ், கதை, சண்டைகள் ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்று. ஆடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக நேர்ந்தால் அந்த கேம் என்னை எப்படி அனுப்பிவைக்கிறது, மறுநாள் திரும்பி வந்தால் எப்படி வரவேற்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். அலுவலகம், வீட்டு வேலை, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையே கிடைக்கும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஆடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. போட்டிகளில் இறங்காமல், யாருக்கும் ஆடிக் காட்டாமல், மனம் இளைப்பாற ஆடுகிறவர்களை கேஷுவல் கேமர் என்கிறார்கள். நானும் அந்த வகைதான். கேம்களைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களில் எங்கள் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நம் ஊர்களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்ற பெட்டிகள், நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான நகல்கள். அவற்றுக்கான கேசட்டுகளில் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் எப்படியும் இருக்கும். 1985இல் வந்த அந்த விளையாட்டில் எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு கட்டங்கள், ஆக மொத்தம் 32 கட்டங்கள் உண்டு. சேவ் செய்யும் வசதி மட்டும் கிடையாது. முதல் உலகத்தின் இரண்டாவது கட்டத்தில் செங்கல் கூரையின் மேல் ஏறி, வெளியேறும் குழாயையும் தாண்டி ஓடினால் மூன்று குழாய்கள் நிற்கும் இடம் வரும். அவற்றில் இறங்கி இரண்டாம், மூன்றாம், நான்காம் உலகங்களுக்கு நேராகப் போய்விடலாம். அந்த இடம் தெரிந்த பையனுக்குத் தெருவில் தனி மரியாதை இருந்தது. மாலையில் கரண்ட் போனால் ஏழாம் உலகம் வரை போனவனும் மறுபடி முதல் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற நிலையில், அந்தக் குழாய்கள்தான் எங்களுக்கு இருந்த ஒரே சேவ் வசதி.

அதே காலத்தில் வேறொரு வழியையும் நிண்டெண்டோ கண்டுபிடித்திருந்தது. த லெஜெண்ட் ஆஃப் செல்டா 1987இல் அமெரிக்காவில் வெளியானபோது அதன் கேசட்டுக்குள் ஒரு சிறு பேட்டரி இருந்தது. பெட்டியை அணைத்த பிறகும் நினைவகச் சில்லுக்கு அது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்ததால் ஆடியது அழியாது. நிறுத்தும்போது மட்டும் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் சேமித்தது கெட்டுவிடக்கூடும் என்று திரையிலேயே எச்சரிக்கை வரும். ஒரே உட்காரலில் முடிக்க முடியாத அளவுக்குப் பெரிய உலகத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் உருவாக்க அந்தச் சிறு பேட்டரி எவ்வளவு உதவியது என்பதை நினைத்தால், கேம்களின் வரலாற்றை கிராஃபிக்ஸின் வளர்ச்சியாக மட்டும் எழுதுவது நியாயமாகப் படவில்லை. நாளை தொடரலாம் என்ற உறுதியை ஆடுகிறவருக்குக் கொடுக்க முடிந்த பிறகுதான் நீண்ட கதைகளுக்கு இடம் கிடைத்தது.

சேவ் செய்வதைக் கடினமாக்குவதே ஒரு கலையாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1996இல் வந்த ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் விளையாட்டில் அங்கங்கே பழைய தட்டச்சு இயந்திரங்கள் இருக்கும். அவற்றில் சேவ் செய்ய மை நாடா வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் ஒன்று செலவாகும், நாடாக்களோ அளவாகத்தான் கிடைக்கும். அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல், கையில் மிஞ்சியிருக்கும் ஒரே நாடாவை இப்போதே செலவழிப்பதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று தயங்கும் அந்தக் கணத்தில் பயம் திரையைவிட்டு இறங்கி நம் மடிக்கே வந்துவிடுகிறது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாமல், பழக்கத்தால் மட்டும் ஆடுகிறவரைக் கட்டிப்போடும் கேம்களோடுதான் எனக்கு வழக்கு.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நிரல், ஓவியம், இசை எல்லாவற்றையும் தானே செய்து, நான்கரை ஆண்டு உழைப்பில் 2016இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி அது. தாத்தா விட்டுச்சென்ற நிலத்தில் விதைத்து, நீர் ஊற்றி, மீன் பிடித்து, ஊர் மக்களோடு பழகி வாழ்வதுதான் கதை. அதில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு முடிகிறது. விளையாட்டின் பத்து நிமிடம் நம் கடிகாரத்தில் ஏழு விநாடி என்பதால், ஒரு நாள் முழுவதும் ஏறத்தாழ 14 நிமிடங்களில் ஓடிவிடும். இரண்டு மணிக்குள் கட்டிலுக்குப் போகாவிட்டால் நம் பாத்திரம் நின்ற இடத்திலேயே மயங்கி விழும், பையில் இருக்கும் பணமும் கொஞ்சம் குறையும். கணினியில் ஆடும்போது, தூங்கினால்தான் அன்றைய ஆட்டம் சேவ் ஆகும்.

தூங்கினால்தான் சேவ் ஆகும் என்பது என் பார்வையில் குறையாகத்தான் தெரிய வேண்டும். ஆனாலும் எனக்கு அப்படித் தெரியவில்லை. தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்தால் கடிகாரம் நின்றுவிடுகிறது, அதனால் அடுப்பில் பால் பொங்கினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆட்டத்தை முழுமையாக நிறுத்த வேண்டுமென்றால் அதிகபட்சம் கால் மணி நேரம் பொறுத்தால் போதும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. அன்று விற்ற காய்கறி, மீன் ஆகியவற்றின் கணக்கு திரையில் வந்து போனதும், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்திருக்க அதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. உடனே மறுநாள் காலை ஆறு மணி விடிந்து, நேற்று ஊற்றிய நீருக்குக் காலிஃபிளவர் ஒரு கட்டம் வளர்ந்திருப்பதைக் காட்டி, இன்னும் ஒரு நாள் மட்டும் என்று இழுப்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஆசைக்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் நம் கையில் இருக்கிறது. அதற்காக யாரும் நம்மிடம் பணம் கேட்பதில்லை.

கடினமான விளையாட்டுகளிலும் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் வகை கேம்களில் மெனுவைத் திறந்தாலும் எதிரி நிற்க மாட்டான். பக்கத்து அறையிலிருந்து “அப்பா, கொஞ்சம் வாங்களேன்” என்று குரல் வரும்போது, பாதி உயிரோடு நிற்கும் ஓர் அரக்கனைப் பார்த்தபடி எழுந்து போவதா என்று யோசிக்க வைக்கும் விளையாட்டை என்னால் வாரநாளில் தொட முடியாது. அதே கேம்கள் வெளியேறும்போது நின்ற இடத்தையே நினைவில் வைத்துக்கொள்கின்றன என்பதையும், 2022இல் வந்த எல்டன் ரிங் பெரிய சண்டைகள் பலவற்றின் அருகிலேயே, தோற்றவர் மறுபடி எழுந்து தொடங்கும் மரிகா கம்பங்களை நட்டு, தோற்றவர் மறுபடி நெடுந்தூரம் ஓடி வர வேண்டிய அலைச்சலைக் குறைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடினமாக இருப்பதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. தோற்ற பிறகு சண்டைக்குத் திரும்பிப் போகும் அந்த இரண்டு மூன்று நிமிட ஓட்டத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதுதான் குறை.

2018இல் வந்த செலஸ்ட் இதற்கு நேர்மாறான பாடம். மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். ஒவ்வொரு திரையும் ஒரு தனிச் சவால், தவறி விழுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பாள். அதனால் நூறு முறை விழுந்தாலும் எரிச்சல் வருவதில்லை. அதற்கும் மேலே உதவி வேண்டுமென்றால், ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், களைப்பே இல்லாமல் பாறையைப் பிடித்துத் தொங்கவும் வழிசெய்யும் உதவி முறை ஒன்று உண்டு. 2020இல் முழுமையாக வெளிவந்த ஹேடீஸில் ‘காட் மோட்’ என்ற தேர்வை இயக்கினால் நம்மேல் விழும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் இன்னும் இரண்டு சதவீதம் குறைந்துகொண்டே வரும். இவற்றால் விளையாட்டின் மதிப்பு குறைந்துவிடும் என்று வாதிடுகிறவர்களை நான் ஏற்கவில்லை. ஒருவர் தம் வீட்டில், தம் நேரத்தில் எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பதை முன்பின் தெரியாத இன்னொருவர் தீர்மானிக்க என்ன உரிமை இருக்கிறது?

எனக்கு உண்மையில் கோபம் வருவது கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் கேம்களில் பலவற்றின் மேல்தான். கேண்டி க்ரஷில் ஐந்து உயிர்கள். ஒரு கட்டத்தில் தோற்றால் ஓர் உயிர் போகும், அது திரும்ப வர அரை மணி நேரமாகும். பந்தியில் இலை போட்டு உட்காரவைத்துவிட்டு அரை மணிக்கு ஒரு கரண்டி பரிமாறுவதைப் போன்றது இது. பொறுமை இல்லாவிட்டால் காசு கொடுத்து உடனே வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி பக்கத்திலேயே திறந்திருக்கும். கென்ஷின் இம்பாக்ட் எவ்வளவு அழகான உலகம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதிலும் முக்கியமான பரிசுகளைப் பெறத் தேவைப்படும் ரெசின் எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஊறும், குறிப்பிட்ட அளவு நிறைந்ததும் ஊறுவது நின்றுவிடும், நாள்தோறும் நான்கு சிறு வேலைகள் காத்திருக்கும். ஆடாத நாளில் ஏதோ வீணாகிறது என்ற உறுத்தலைத் திட்டமிட்டு விதைக்கும் ஏற்பாடு இது. ஆடுவதற்கு ஆசை இல்லாத இரவிலும் கணக்குத் தீர்ப்பதற்காகத் திறக்க வைக்கும் ஒன்றை விளையாட்டு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட கேம்களைக் கைப்பேசியிலிருந்து நீக்கிய பிறகு என் மாலைகள் நீண்டுவிட்டன.

மற்றவர்களோடு சேர்ந்து இணையத்தில் ஆடும் ஆட்டங்கள் வேறு வகை. பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போன்றவற்றில் நடுவே நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. நம்மை நம்பி மூன்று பேர் இறங்கியிருக்கிறார்கள். பாதியில் ஓடுகிறவர்களுக்கு டோட்டா 2 தண்டனை தருவது முற்றிலும் நியாயம். முழு ஆட்டத்துக்கும் நேரம் இருந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போகிறேன்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விட்சர் 3 மிகச் சிறந்த கேம்களில் ஒன்று. கிளைக்கதைகளையும் சேர்த்து ஆடினால் நூறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கிறவருக்கு அது அரையாண்டு. 2007இல் வந்த போர்ட்டலையோ சில மாலைகளில் முடித்துவிடலாம், அதன் ஒரு அறைகூட வீணாக இல்லை. எ ஷார்ட் ஹைக்கில், கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும் என்று மலையுச்சிக்கு ஏறும் ஒரு சின்னப் பறவையாக, பொன் இறகுகளைச் சேர்த்து மேலும் மேலும் உயரப் பறக்கிறோம். ஒரே மாலையில் முடிந்துவிடும், அதன் காற்று மட்டும் பல நாள் மனத்தில் வீசிக்கொண்டிருக்கும். 2023இல் டொராண்டோவிலிருந்து வந்து, மறு ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்ற வெண்பாவும் இந்தக் குடும்பம்தான். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையை, அம்மாவின் கறைபட்டுக் கிழிந்த சமையல் குறிப்புகளை வைத்துச் சொல்கிறது. இட்லித் தட்டுகளைத் துளை மாற்றி அடுக்குவது எப்படி என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் மறுபடி செய்து பார்க்கலாம், தண்டனை எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு வாழ்க்கையையே கடந்துவிடுகிறோம். விலையை மணி நேரத்தால் வகுத்துப் பார்த்து இதை விலை அதிகம் என்கிறவர்கள் எதை அளக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நிறுத்துவது பாதிதான், திரும்பி வருவது மறுபாதி. 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சும், 2022இல் வந்த ஸ்டீம் டெக்கும் ஒரே பொத்தானை அழுத்தினால் தூங்கி, மறுபடி அழுத்தினால் விட்ட இடத்தில் விழித்துக்கொள்கின்றன. சாதனம் நினைவில் வைத்திருப்பதை ஆள் நினைவில் வைத்திருப்பாரா? பள்ளித் தேர்வுக் காலமோ, ஊர்ப் பயணமோ வந்து ஒரு மாதம் விட்டுவிட்டுத் திறந்தால், எந்தப் பொத்தான் எதற்கு, யாரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகிறது. 2004இல் வந்த போக்கிமான் ஃபயர்ரெட்டில் சேவ் செய்த ஆட்டத்தைத் திறந்ததும் கடைசியாக நாம் செய்தவற்றைச் சிறு காட்சிகளாக ஓட்டிக் காட்டும். விட்சர் 3 ஆட்டம் திறக்கும் நேரத்தில் கதை எங்கே நிற்கிறது என்று ஒரு குரல் சொல்லும். டிராகன் குவெஸ்ட் 11 இதுவரை நடந்ததைச் சுருக்கமாக எழுதிக் காட்டும். இவ்வளவு எளிய வசதியை எல்லோரும் ஏன் செய்வதில்லை என்பது எனக்குப் பெரும் வியப்பு.

கடைகளில் ஒரு கேமை வாங்கும்போது அதற்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், வன்தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கும்; என் வாழ்க்கையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எழுதியிருக்காது. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2025இல் அணுகல் வசதிகளை வகைப்படுத்தியபோது, ‘எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாம்’, ‘கடினத்தை மாற்றிக்கொள்ளலாம்’ என்ற இரண்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. கை நடுங்குகிறவர்கள், நெடுநேரம் உட்கார முடியாதவர்கள் ஆகியோருக்கு முதலில் தேவைப்படும் இந்தத் தகவல், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஆடுகிறவர்களுக்கும் பயன்படுகிறது. கன்சோல் கடைகளும் கைப்பேசிக் கடைகளும் இதையே செய்ய வேண்டும். கூடவே, ஒரு கட்டத்தை முடிக்கச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகும் என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும்.