ஆறரை மணி ஆராதனை: ஒரு ஆயரின் நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

பெந்தெகொஸ்தே ஞாயிறு. எட்டரை மணி ஆராதனைக்கு ஆலயத்துக்குள் இடமில்லை. பந்தலில் நாற்காலி போட்டும் மதில் ஓரம் நிறையப் பேர் நின்றார்கள். பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து, தாம்பரத்தைத் தாண்டிக் குடியேறிய இளம் குடும்பங்கள். கைக்குழந்தையோடு வெயிலில் நின்ற ஒரு தாய், பிரசங்கம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார். மனசு கேட்கவில்லை.

ஜூன் 11, புதன்

கமிட்டி. காலை ஆறரைக்கு இன்னொரு ஆராதனை தொடங்கலாமா என்று கேட்டேன். இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்றார்கள் பாதிப் பேர். கட்டிட நிதி என்று ஆரம்பித்தால் சில வருடங்களுக்கு வேறு பேச்சே இருக்காது; எனக்கு அதில் விருப்பமில்லை. பெரியவர் ஒருவர் சொன்னார்: "ரெண்டு ஆராதனை வந்தா ரெண்டு சபை ஆயிடும் ஐயா. இப்பவே யார் வீட்டுப் பிள்ளை யாருன்னு தெரியல." ஆலயம் ஓலைக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து இந்தச் சபையில் இருப்பவர். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. முடிவெடுக்காமல் ஜெபித்துக் கலைந்தோம்.

ஜூன் 21, சனி

வீடு சந்திப்பு. மாடிப் போர்ஷனில் ஒரு தம்பதி. வாரம் தவறாமல் வருகிறார்கள். நம் பதிவேட்டில் பெயர் இல்லை. "சங்கம் ஊர்லதான் கட்டுறோம் ஐயா. தங்கச்சி கல்யாணம், அப்பா கல்லறை எல்லாம் அங்கதானே." சங்கம் என்றால் சபைச் சந்தா. அசனம் என்கிற சபை விருந்துக்கும் ஊருக்குப் போய்விடுவார்களாம். இங்கே சந்தா கட்டாவிட்டால் ஓட்டு கிடையாது, கமிட்டியிலும் இடம் கிடையாது. சபை வளர்கிறது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அவர்களோ விருந்தாளிகளாகவே வந்து போகிறார்கள்.

இரவு வேதாகமத்தில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். சீஷர்கள் பெருகியபோதுதான் முறுமுறுப்பும் வருகிறது: கிரேக்க மொழிக்கார விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று. அதற்காகத் தெரிந்தெடுத்த ஏழு பேரைப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர்... எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூலை 2, புதன்

பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் பேசட்டும் என்றுதான் போனது. மதுரைப் பக்கம், அமெரிக்க மிஷன் வழிவந்த குடும்பம். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபைக்காரர்கள் ஒன்றானார்கள்; அமெரிக்க மிஷன் சபைகள் ஐக்கிய சபையில் இருந்தவை. ஆனால் பழக்கம் ஒரே நாளில் ஒன்றாகிவிடுமா? ஆங்கிலிக்கன் வழிவந்த திருநெல்வேலிக்காரர்கள் பீடத்தின் முன் முழங்காலில் நின்று திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்குவார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிப் பழக்கம். "அம்மா கடைசி வரைக்கும் முழங்கால் போடல. அன்னிக்கு இருந்த ஐயர் அவங்க இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்" என்றார். ஐயர் என்று அவர் சொன்னது அன்றைய ஆயரை. அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

அப்புறம் ஒரு நிபந்தனை வைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் ஒரே ஆராதனை, ஒரே திருவிருந்து. இடம் போதாவிட்டால் வளாகத்தில் பந்தல் போடலாம். நான் யோசித்ததைவிட நல்ல ஏற்பாடு. அன்று மாலையே கமிட்டி ஒத்துக்கொண்டது.

ஜூலை 13, ஞாயிறு

முதல் ஆறரை மணி ஆராதனை. மாடிப் போர்ஷன் பெண் வேதபாடம் வாசித்தார். காணிக்கைப் பை எடுத்தவர்கள் எல்லாம் புதியவர்கள். வாசலில் நின்று பாமாலைப் புத்தகம் கொடுத்தது நம் பெரியவர். ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்துக்கொண்டே இருந்ததில் வரிசை தெரு வரை நீண்டுவிட்டது. நீளட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

சில குடும்பங்கள் சபை மாற்றுக் கடிதம் கேட்டு ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களை நான் வற்புறுத்தப் போவதில்லை. அப்பா கல்லறை இருக்கிற ஊரை விடச் சொல்ல யாருக்கு உரிமை? ஓட்டு இல்லாவிட்டாலும் அவர்களில் இரண்டு பேரைக் கமிட்டிக்கு அழைப்பாளர்களாகக் கூப்பிடலாம் என்று செயலரிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளிக்குத்தான் ஆசிரியர் போதவில்லை. எட்டரைக்கு வருகிற ஓய்வுபெற்ற டீச்சர்களைக் கேட்டுப் பாருங்கள் என்றார் பெண்கள் சங்கத்துப் பெரியம்மா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரோடு சேர்ந்து போகிறேன்.